லாரி ஹாரன் வைத்த பலகை

உங்கள் பாடப்புத்தகத்தில் மன்னிப்பைப் பற்றி ஒரு பாடம் கட்டாயம் இருக்கும். நன்றாகப் படியுங்கள், பரீட்சைக்கு வரும். நான் சொல்லப் போவது அந்தப் பாடம் இல்லை. ஒரு மனிதரை மன்னிக்க முடியாமல் நான் ஒரு பலகை செய்தேன். அந்த மனிதரைப் பற்றியும், அந்தப் பலகையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்த மூன்று பிள்ளைகளைப் பற்றியும்தான் இது.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் நான் மைக்செட் கடை வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, சீரியல் பல்பு தொங்கவிட்டு, பாட்டுப் போடுவது என் தொழில். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவன். கரண்டு வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பார்த்துக் கற்றது பாதி, ஷாக் அடித்துக் கற்றது மீதி.

என் மூத்த மகள் பிறக்கும்போதே மூச்சுவிடத் திணறியவள். அவள் கைகள் அவள் சொன்னபடி கேட்காது. ஒரு பக்கம் போகச் சொன்னால் உதறிக்கொண்டு இன்னொரு பக்கம் போகும். நிற்க முடியாது, சாய்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும். பேச வாயெடுத்தால் சொற்கள் குழைந்து ஒரே ஓசையாக வரும். அதற்கெல்லாம் என்ன பெயர் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கு விவரம் உண்டு என்பது தெரியும். கல்யாண வீட்டுக்குப் போகிற பெட்டியில் நான் மறந்துபோய் ஒரு சோகப் பாட்டு ரெக்கார்டை எடுத்து வைத்தால், அதன் உறை நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துச் சிரிப்பாள். நான் அதை எடுத்து வெளியே வைக்கும் வரை சிரிப்பை நிறுத்த மாட்டாள்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு விஜயதசமி நாளில் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்குத் தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி வைத்திருப்பார்கள். தலைமையாசிரியர் பிள்ளையின் விரலைப் பிடித்து அந்த நெல்லில் ‘அ’ எழுத வைப்பார். எழுதி முடித்தால் பிள்ளை பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆகிவிடும். நான் வரிசையில் நின்று, முறை வந்ததும் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதுப் பாவாடை கட்டியிருந்தாள். தலைமையாசிரியர் அவள் விரலைப் பிடித்தார்.

பிறத்தியார் கை பட்டால் அவள் கை இன்னும் பலமாக உதறும். அதை அவரிடம் முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கை உதறிய வேகத்தில் தாம்பாளம் எகிறியது. நெல் அவர் முகத்தில், மூக்குக்கண்ணாடியில், சட்டைப் பைக்குள் எல்லாம் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தது அவர்கள். அவருக்குக் கோபம் வந்தது எங்கள் மேல்.

“ஏம்ப்பா மைக்செட்டு, இது பள்ளிக்கூடமா, கோழிக்கூடா? நெல்லை எறைச்சு விடுறதுக்கா இதைத் தூக்கியாந்தே? சிலேட்டைப் பிடிக்க முடியாததுக்குப் படிப்பு எதுக்கு? கொண்டுபோயி ஒரு மூலையில உக்கார வையி. அடுத்த ஆள் வாங்க.”

‘இது’ என்றார். என் மகளை, அவள் காது கேட்க, ‘இது’ என்றார். அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் குனிந்து நெல்லைப் பொறுக்கினேன். பொறுக்கிக்கொண்டே ஒரு முடிவு செய்தேன். இந்த ஆள் ஒருநாள் இதே பிள்ளையை வாம்மா என்று பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட வேண்டும். ஊர் கேட்கக் கூப்பிட வேண்டும். என் குழாயிலேயே கூப்பிட வேண்டும்.

முதலில் கைக்கு எட்டிய பழியை வாங்கினேன். அந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு மைக்செட் நான்தான். பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதெல்லாம் செய்துகொடுக்கிற பெரிய வீட்டு ஆச்சி தன் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் என்னையே கூப்பிடுவார், அதனால் என்னை யாரும் மாற்ற முடியாது. தலைமையாசிரியர் மேடையேறி “பெரியோர்களே” என்று தொடங்கும்போது ஆம்பிளிபயரில் ஒரு திருகு திருகுவேன். குழாய் கீச்சென்று கத்தும். அவர் மைக்கைத் தட்டிப் பார்ப்பார். நானும் ரொம்ப அக்கறையாக ஓடிப்போய்த் தட்டிப் பார்ப்பேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி ஒரு திருகு.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். “மைக்கு கத்துனா உங்க பேருதேன் கெடும். அந்த மனுசனுக்கு என்ன நட்டம்? பழி வாங்குறதுன்னா ஒழுங்கா வாங்குங்க. இது என்ன, சின்னப்பய செய்யிற வேலை!”

அவள் சொன்னது சரி. ஒழுங்காக வாங்க ஒரு வழி தேடினேன்.

அந்தச் சமயம் மதுரைப் பொருட்காட்சியில் ஒரு பலகை பார்த்தேன். ஒரு பக்கம் கேள்வி, ஒரு பக்கம் பதில், இரண்டு பக்கமும் ஆணிகள். கையில் இரண்டு வயர் கொடுப்பார்கள். கேள்வி ஆணியையும் சரியான பதில் ஆணியையும் தொட்டால் பல்பு எரியும். கூட்டம் முண்டியடித்தது. பேசத் தேவையில்லை, எழுதத் தேவையில்லை, தொட்டால் போதும். என் மகள் இப்படி ஒரு பலகையில் பதில் சொல்லுகிறதை அந்த ஆள் பார்க்க வேண்டும் என்று அங்கேயே நின்று நினைத்தேன். பாசத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் நான் நினைத்துக்கொண்டு வந்ததெல்லாம் அவர் முகம் எப்படிப் போகும் என்பதுதான்.

பழைய பலகை ஒன்றில் ஆணி அடித்தேன். கரண்டு வேண்டாம் என்று பேட்டரியில் வைத்துக்கொண்டேன். பசுவுக்குக் கன்று, பூட்டுக்குச் சாவி, மழைக்குக் குடை என்று படங்கள் வரைந்து ஒட்டினேன். சரியான பதிலுக்கு, பெரிய வீட்டில் கழற்றிப் போட்ட ஒரு மின்சார மணி. தப்பான பதிலுக்கு, பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஒரு லாரி ஹாரன். தப்பு செய்தால் பிள்ளை தூக்கிவாரிப்போட்டுத் திருந்த வேண்டும் என்பது என் கணக்கு. நான் படித்த பள்ளிக்கூடத்தில் பிரம்பு இருந்தது. அதற்குப் பதில் ஹாரன்.

மகள் வயரைப் பிடிக்கவே முடியவில்லை. இரண்டு தடவை முயன்றாள், மூன்றாவது தடவை வயரை விசிறியடித்தாள். அது பட்டுக் கடையில் தொங்கிய பல்பு உடைந்தது. வயர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டி, அடியில் சைக்கிள் சீட்டு ஸ்பிரிங் வைத்து, அடித்தால் அமுங்குகிற தட்டுகள் செய்தேன். அழகாக, வரிசையாக, நெருக்கமாக வைத்தேன். அவள் ஓங்கி ஒரு அடி அடித்தாள். இரண்டு தட்டு சேர்ந்து அமுங்கின. மணியும் ஹாரனும் ஒரே நேரத்தில் கத்தின.

கெக்கலி கொட்டிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. இட்லிக்கடை அம்மாவின் மகள் வாசலில் நின்றாள். ஒன்றாம் வகுப்பிலேயே மூன்று வருஷம் உட்கார வைக்கப்பட்டு, உனக்கு மண்டையில் ஏறாது என்று அனுப்பப்பட்டவள். அவளுக்குப் பின்னால் ஜவுளிக்கடை பாயின் மகன், தலையில் தொப்பியோடு. பிறவியிலேயே காது கேட்காது. அவனைச் சேர்க்கப் போனபோது அதே தலைமையாசிரியர், “காது கேக்காதவனுக்கு நான் என்ன படமா வரைஞ்சு காட்டுறது?” என்று கேட்டாராம். இரண்டு பேருக்கும் பகல் முழுக்கப் போக்கிடம் என் கடைதான்.

அன்றிலிருந்து பலகை என் கையை விட்டுப் போய்விட்டது.

என் மனைவி கோலமாவுக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்திருந்தாள். மகளின் கை அதில் விழுந்து, அப்படியே பலகையிலும் விழுந்தது. வெள்ளையாகக் கைத்தடம் பதிந்தது. பாயின் மகன் அதைக் கூர்ந்து பார்த்தான். அவள் கையை மறுபடி மாவில் தோய்த்து, அடி என்று சைகை காட்டினான். அடித்தாள். இன்னொரு தடம். மறுபடி, மறுபடி. கடைசியில் பார்த்தால், தடங்கள் எல்லாம் பலகையின் ஏழெட்டு இடங்களில் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. நான் தட்டு வைத்த இடம் ஒன்றில்கூட இல்லை. அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, கொத்துகளைக் காட்டினான். தட்டு இருக்கிற இடத்துக்குக் கையைக் கொண்டு வா என்று அவளை நான் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தேன். கை விழுகிற இடத்துக்குத் தட்டைக் கொண்டு போ என்று அவன் சொன்னான்.

அப்படியே மாற்றினேன். பலகை பார்க்கக் கோணல்மாணலாக இருந்தது. மகளுக்கு ஒரு அடி தவறவில்லை.

படங்களையும் அவனே மாற்றிவிட்டான். நான் வரைந்த பசுவைப் பார்த்து அவன் நாக்கைத் தொங்கவிட்டு நாய் மாதிரி மூச்சிளைத்துக் காட்டினான். இட்லிக்கடைப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அவனே கரிக்கட்டையை எடுத்து வரைந்தான். பெரிய வீடுகளில் உடைத்துக் கழித்த கலர் கண்ணாடித் துண்டுகளை வாங்கி, படங்களை அதில் ஒட்டி, பின்னால் பல்பு வைத்தேன். மணிக்குப் பச்சை பல்பு, ஹாரனுக்குச் சிவப்பு. சத்தம் கேட்காதவனுக்கு வெளிச்சம் வேண்டும் என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான். ஆனாலும் ஹாரன் அடிக்கும்போது ஓடிப்போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். அதிர்வு கையில் ஏறும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இட்லிக்கடைப் பெண்ணால்தான் எனக்குத் தலைவலி. பசு எரியும். கன்றை அமுக்க வேண்டும். அவள் சாவியை அமுக்குவாள். ஹாரன் அலறும். மழை எரியும். கன்றை அமுக்குவாள். ஹாரன் அலறும்.

“ஏத்தா, வேணுமின்னே தப்பையே அமுக்குறியா?”

“ஆமா மாமா.”

“ஏன்?”

“மணி சும்மா கிணிங்குங்குது. இதுதேன் மாமா லாரி!”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். தெருவே தலையில் அடித்துக்கொண்டது. ஜவுளிக்கடை பாய் ஒருநாள் கடையை விட்டு எழுந்தே வந்துவிட்டார். அவர் என்னை மாப்ளே என்பார், நான் அவரை மாமா என்பேன். “மாப்ளே, என் மகனுக்குக் காது கேக்காது, அது அல்லாஹ் செஞ்சது. நீங்க இந்த ஹாரனை இன்னும் ரெண்டு மாசம் அடிச்சா எனக்கும் கேக்காது. அது நீங்க செஞ்சதாயிரும்.”

ஹாரனைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அன்று மத்தியானம்தான் அது நடந்தது. மகளைப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்து என் மனைவி சோறு ஊட்டினாள். பலகையில் பசு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு வாய் கொண்டுபோனாள். மகளின் கை விழுந்தது. ஹாரன். மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி கொண்டுபோனாள். ஹாரன். மனைவி கையைப் பார்த்தாள், கையில் இருந்த கத்தரிக்காயைப் பார்த்தாள்.

“என்னடி, வேண்டாமா?”

கை இப்போது கன்றில் விழுந்தது. மணி அடித்தது. பச்சை பல்பு எரிந்தது.

“கத்தரிக்காயா வேண்டாங்குறே?”

மணி.

“எப்பவுமே பிடிக்காதா?”

மணி, மணி, மணி.

என் மனைவி அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். “பெறந்ததுலயிருந்து வாரத்துக்கு நாலு நாளு கத்தரிக்காயத் திணிச்சிருக்கேங்க இவளுக்கு,” என்றாள். அழுவாளோ என்று நினைத்தேன். எழுந்து போய்க் கத்தரிக்காய்ச் சட்டியை எனக்கு முன்னால் டொங்கென்று வைத்தாள். “இந்தாங்க. நீங்களே தின்னுங்க.”

ஹாரனைக் கழற்றவில்லை. கேள்வி பதிலைத்தான் கழற்றினேன். பசு போயிற்று, பூட்டு போயிற்று. அவர்களுக்கு வேண்டிய படங்கள் வந்தன. தண்ணீர், வெளியே, அம்மா, பாட்டு, வலிக்கிறது. ஒரு பெரிய கண்ணாடித் துண்டில் தன் முகத்தையும் இட்லிக்கடைப் பெண்ணின் இரட்டைச் சடையையும் சேர்த்து வரைந்து பாயின் மகன் ஒட்டினான். அந்த இரண்டு பேரும் வர நேரமானால் என் மகள் அந்தக் கண்ணாடியை எரியவிட்டுக்கொண்டே இருப்பாள். மணிக்கு ஒரு தட்டு, ஹாரனுக்கு ஒரு தட்டு. மணி என்றால் வேணும், ஹாரன் என்றால் வேண்டாம். தெருவுக்கே அந்தப் பாஷை தெரிந்துவிட்டது. காய்கறிக்காரர் கூடையை இறக்கும் முன் எட்டிப் பார்த்து, “என்ன தாயி, இன்னிக்கு வெண்டிக்கா?” என்று கேட்டு, மணி அடித்தால்தான் இறக்குவார்.

இதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் பிள்ளைகளே, என் பழி அப்படியே இருந்தது. ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும், இதை அந்த ஆள் கேட்கவில்லையே என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்து மணி காலையில் அடிக்கும். தெருப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். என் மகள் கடை வாசலில் சாய்ந்து உட்கார்ந்து, கடைசிப் பிள்ளை தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒரு இடம் அங்கே வேண்டும். அதை அந்த ஆள் வாயாலேயே வாங்க வேண்டும்.

ஒருநாள் பெரிய வீட்டு ஆச்சியின் கார் எங்கள் தெருவில் வந்தது. இட்லிக்கடைப் பெண் ஹாரனை அமுக்கினாள். டிரைவர் பதறிக் காரை ஓரத்தில் ஏற்றி நிறுத்தினார். லாரி வரவில்லை. மறுபடி ஹாரன். டிரைவர் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

“லாரியக் காணமே ஆச்சி. சத்தம் மட்டும் வருது.”

“சத்தம் போட்டுட்டு ஒளிஞ்சுக்கிற லாரி என்ன சின்னப்பிள்ளையா? நல்லாப் பாரு.” ஆச்சி தானும் இறங்கி, வெள்ளைச் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் கடைக்குள் வந்தார். நான் நாற்காலி போட்டு, மணிக்கும் ஹாரனுக்கும் அர்த்தம் மட்டும் சொன்னேன். அவர் என் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ஏந்தாயி, என் கூடக் கார்ல ஒரு சுத்து வர்றியா?”

மணி.

“நம்ம டிரைவர் ஓட்டுவாரு. பரவாயில்லையா?”

என் மகள் டிரைவரை மேலும் கீழும் பார்த்தாள். ஹாரன்.

ஆச்சி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. டிரைவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. போகும்போது ஆச்சி, “இந்த வருசம் பள்ளிக்கூடத்து விழாவுல இதைக் கொண்டாந்து வைக்கச் சொல்லணும்,” என்றார்.

மறுநாள் தலைமையாசிரியரே என் கடைக்கு வந்தார். விஜயதசமி அன்று என்னை ‘ஏம்ப்பா’ என்றவர், வாசலிலேயே, “என்ன, சவுக்கியமா இருக்கீகளா?” என்றார். உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

“ஆச்சி பிரியப்படுறாக. விழாவுல வைப்போம். ஒரே ஒரு விசயம்... பள்ளிக்கூடத்து விழாவுல வெளியாள் செஞ்சதுன்னு சொன்னா நல்லா இருக்காது. நான் சொல்லித்தான் நீங்க செஞ்சீகன்னு ஆச்சிக்கிட்டயும் சொல்லியிருக்கேன். நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நாம செஞ்சதுன்னு சொல்லிக்கிருவோம். என்ன சொல்றீக?”

“தாராளமாச் சொல்லிக்கங்க சார்,” என்றேன்.

அவர் போனதும் மனைவி உள்ளே இருந்து பாய்ந்து வந்தாள். “ஏன் ஒத்துக்கிட்டீக? உங்களுக்குச் சொரணை இல்லையா?”

“வழக்கமா ரெண்டு குழாய் கட்டுவேன். இந்தத் தடவை ஆறு கட்டப் போறேன்,” என்றேன்.

அவள் “பெரிசா ஏதோ வச்சிருக்கீக,” என்று சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

என் திட்டம் இதுதான். அவர் மேடையில் பொய் சொல்லுவார். ஆச்சி எந்த வகுப்பு என்று கட்டாயம் கேட்பார். அப்போது நான் மேடையேறி, நெல் சிந்திய கதையை ஆறு குழாயிலும் சொல்லுவேன். சொல்ல வேண்டியதைச் சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடி பார்த்துச் சொல்லிப் பழகினேன். பேச்சு முடிகிற இடத்தில் அவர் வேறு வழியில்லாமல் என் மகளை வாம்மா என்று கூப்பிட வேண்டும். அவள் மணி அடிப்பாள். அதோடு முடிந்தது கணக்கு.

விழா அன்று பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆறு குழாய். ஒன்றைத் தலைமையாசிரியர் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன். பலகையை மேடையில் சாய்த்து, மணிக்கும் ஹாரனுக்கும் பக்கத்தில் ஒரு மைக் வைத்தேன். மகளைப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தேன். மற்ற இரண்டு பிள்ளைகளும் மேடைக்குக் கீழே, மனைவியோடு.

தலைமையாசிரியர் பேசினார். இந்தத் தடவை நான் திருகைத் தொடவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கட்டும் என்று விட்டேன். “பேச முடியாத பிள்ளைகளுக்காக நம் பள்ளி அரும்பாடுபட்டு உருவாக்கிய அற்புதக் கருவி,” என்றார். கீழே கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆச்சி கேட்டார். “பிள்ளை எந்த வகுப்பு வாத்தியாரே?”

“ரெண்டாம் வகுப்பு ஆச்சி.”

நான் எழுந்தேன். மேடைப் படியில் காலை வைத்தேன். அதற்குள் அவர், பொய்க்கு மெருகு போடுகிறோம் என்று நினைத்து, என் மகளின் பக்கம் குனிந்து செல்லமாகக் கேட்டார். “நீ நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைதானே கண்ணு?”

ஹாரன்.

ஆறு குழாயில் லாரி ஹாரன் எப்படி இருக்கும் தெரியுமா? மரத்தில் இருந்த காக்கைகள் அத்தனையும் பறந்தன. ஆச்சியின் டிரைவர் காரைப் பார்க்க ஓடினார். எங்கள் தெருக்காரர்கள் ஒரே குரலாக, “இல்லேங்குது!” என்று கத்தினார்கள்.

“இல்லேங்குதே வாத்தியாரே?” என்றார் ஆச்சி.

“கை... கை தவறிப் பட்டிருக்கும் ஆச்சி.”

“அப்ப மறுபடி கேப்போம். ஏந்தாயி, நீ இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறியா?”

ஹாரன்.

அவள் கை தவறாது. அதற்காகத்தானே அவள் கைத்தடத்தின் மேல் தட்டு வைத்திருந்தோம். தலைமையாசிரியரின் கழுத்தில் வியர்வை ஓடியதை நான் படியில் நின்று பார்த்தேன். எவ்வளவு பார்த்தாலும் போதவில்லை. நான் பழகி வைத்திருந்த பேச்சில் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

அவர் சமாளித்தார். “சேர்க்கிறதா இருக்கோம் ஆச்சி. நாளைக்கே சேர்த்துக்கிறேன். ஏம்மா, நம்ம பள்ளிக்கூடத்துக்கு வர்றியாம்மா?”

நெல் பொறுக்கிய நாளிலிருந்து நான் காத்துக் கிடந்த வார்த்தை அது. அம்மா என்றே கூப்பிட்டுவிட்டார், அதுவும் ஊர் கேட்க. நான் மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

ஹாரன் அடித்தது.

மேடைக்கு ஓடி அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். “தாயி, பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுறாகம்மா. நீ போகணுமின்னு தினமும் பாத்துக்கிட்டே இருப்பியே. வேண்டாமா?”

அவள் என்னைப் பார்த்தாள். கை உயர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, விழுந்தது. மணியும் இல்லை, ஹாரனும் இல்லை. பெரிய கண்ணாடி எரிந்தது. தொப்பியும் இரட்டைச் சடையும். கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் எடுத்து, மணியை அடித்தாள். மறுபடி கண்ணாடி. மறுபடி மணி.

கீழே பாயின் மகன் எழுந்து நின்றுவிட்டான். வெளிச்சத்தில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னையா என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். இட்லிக்கடைப் பெண், “மாமா, நானும் இருக்கேன் அதுல!” என்று கூவினாள்.

ஆச்சிக்கு உடனே விளங்கியது. “அதுக ரெண்டும் வந்தாத்தேன் இது வருமாம் வாத்தியாரே. இல்லாட்டி வேண்டாமாம். என்ன சொல்றீக?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மைக்கை விட்டுத் தள்ளி நின்று ஏதோ முணுமுணுத்தார்.

“சார், குழாய்ல விழுகலை,” என்றேன்.

“மூணு பேரையும் சேர்த்துக்கிறேன்.”

நான் ஆம்பிளிபயருக்குப் போய் உட்கார்ந்தேன். திருகைக் கொஞ்சம் குறைத்தேன். “கடைசி வரிசைக்குக் கேக்கலையாம் சார்.”

“மூணு பிள்ளைகளையும் சேர்த்துக்கிறேன்!”

“பிள்ளைக பேரைச் சொல்லிச் சொன்னீகன்னா நல்லா இருக்கும் சார்.”

அவர் மூன்று பேருடைய பெயரையும் கேட்டுக் கேட்டுச் சொன்னார். யாரையும் ‘இது’ என்று சொல்லவில்லை. இப்போது நான் திருகை முழுக்கத் திருப்பியிருந்தேன். அவர் வீட்டுப் பக்கம் வைத்த குழாயில் அவர் சம்சாரம் சமையலறையில் நின்று கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். என் மகளை மட்டும் உள்ளே நுழைக்கத்தான் நான் திட்டம் போட்டேன். மூன்று மடங்காக வாங்கினவள் அவள்.

இத்தோடு நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

திங்கட்கிழமை பலகையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று ஆச்சி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்ததால் தலைமையாசிரியர் காலையிலேயே என் கடைக்கு வந்துவிட்டார். பியூனை அனுப்பட்டுமா என்று கேட்டார்.

“பழகாத ஆள் பிடிச்சா கண்ணாடி உடைஞ்சுரும் சார். நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன். நீங்க ஒரு பக்கம் பிடிங்க.”

“நானா?”

“ஆச்சி வர்ற நேரமாச்சு சார்.”

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பிடித்தார். ஹாரனும் பேட்டரியும் அவர் பக்கம் வருகிறாற்போல நான் பார்த்துக்கொண்டேன். முன்னால் பாயின் மகன், என் மகளை உட்கார வைத்திருந்த தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். இட்லிக்கடைப் பெண் மூன்று சிலேட்டையும் தலையில் அடுக்கிக்கொண்டு போனாள். கடைவாசல்களில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள். ஜவுளிக்கடை பாய் கல்லாவை விட்டு இறங்கி வந்து, “என்ன சார், தொழிலை மாத்திட்டீகளா?” என்றார்.

பிள்ளைகள் தெருமுனையில் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள். தலைமையாசிரியருக்கு மூச்சு வாங்கியது.

“கொஞ்சம் இறக்கி வச்சுக்கிருவமா?”

“இந்தா வந்துருச்சு சார்,” என்று சொல்லி, நான் சந்தைப் பக்கம் திரும்பினேன். அந்த வழியாகப் போனால் ஊரைச் சுற்றித்தான் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும்.